வேகாஸில் ஓசிச் சாப்பாடு: தம்பதியாகப் போகிறவர்களுக்கு எந்த வழி சரி?

லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு லாஸ் வேகாஸ் நாலரை மணி நேரப் பயணம்தான். ஐ-15 நெடுஞ்சாலையில் பார்ஸ்டோ, பேக்கர் தாண்டிப் பாலைவனத்தில் விட்டால் போய்ச் சேர்ந்துவிடலாம். நீண்ட வார இறுதி முடிந்து திரும்பினால் வழக்கமாக ஒரு பேச்சு வரும்: "அவங்க ரெண்டு பேருக்கும் கேசினோவிலேயே சாப்பாடு ஃப்ரீயாம். நமக்கு மட்டும் ஏன் கிடைக்கல?"

போன மாதம் இரண்டு ஜோடிகள் என்னிடமும் என் மனைவியிடமும் இதையே கேட்டார்கள். ஒரு ஜோடிக்கு ஒரே ஹோட்டலிலிருந்து இரண்டு சலுகை வந்திருந்தது. இருவருக்கு பஃபே, அல்லது 100 டாலர் சாப்பாட்டு கிரெடிட், இரண்டில் ஒன்றுதான். இன்னொரு ஜோடிக்கு, பிளேயர்ஸ் கார்டில் (நாம் ஆடுவதைப் பதிந்துகொள்ள கேசினோ தரும் உறுப்பினர் அட்டை) புள்ளி சேர்த்துக்கொண்டே போவதா, மேஜையில் வாய்விட்டுக் கேட்பதா என்று குழப்பம். எட்டு வருடமாக, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை போய்வந்ததில் நாங்கள் கற்றதை வைத்து இதை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

எங்கள் வீட்டில் ஐந்து கேள்விகள் உண்டு. அந்தச் சாப்பாட்டின் உண்மையான விலை என்ன? இருவருக்கும் செல்லுமா, கார்டுக்காரருக்கு மட்டுமா? வரி, டிப்ஸ், மது என்று கையிலிருந்து எவ்வளவு போகும்? நாம் சாப்பிடக்கூடியது அங்கே இருக்கிறதா? என் மனைவி சுத்த சைவம் என்பதால் இது எங்களுக்குப் பெரிய கேள்வி. கடைசியாக, அந்தச் சாப்பாட்டுக்காக நாம் நினைத்ததைவிட அதிக நேரம் ஆட வேண்டியிருக்குமா?

ஐந்தாவது கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் மற்ற நான்கையும் பார்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று அடுத்த பகுதியில் கணக்கோடு சொல்கிறேன்.

## "இலவசம்" எப்படிக் கணக்காகிறது

கேசினோ தரும் இலவசத்தை அங்கே எல்லோரும் காம்ப் என்பார்கள். நீங்கள் உண்மையில் எவ்வளவு தோற்றீர்கள் என்பதைவிட, எவ்வளவு தோற்றிருக்க வேண்டும் என்பதைத்தான் காம்புக்குப் பார்க்கிறார்கள். சராசரிப் பந்தயம், மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், அந்த ஆட்டத்தில் கேசினோவுக்கு எத்தனை சதவீதம் சாதகம் என்ற நான்கையும் பெருக்கினால் வரும் தொகைக்கு தியோ என்று பெயர். அதில் 20 முதல் 40 சதவீதம் வரை அறை, சாப்பாடு என்று திருப்பித் தருவார்கள்.

நடுவாக 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இருவர் சாப்பிட 120 டாலர் ஆகும் ஓர் இரவு உணவு. அதற்கு எவ்வளவு ஆட வேண்டும்?

| ஆட்டம் | பந்தயம் | மணிக்கு எத்தனை | கேசினோவின் சாதகம் | மணிக்கு தியோ | 120 டாலர் சாப்பாட்டுக்கு ஆடும் நேரம் | எதிர்பார்க்கும் நஷ்டம் |
|---|---|---|---|---|---|---|
| பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே 21 வந்தால் 5-க்கு 6 தரும் மேஜை) | 25 டாலர் | 70 | சுமார் 2% | 35 டாலர் | 11 மணி நேரத்துக்கு மேல் | 400 டாலர் |
| ரூலெட் (இரட்டைப் பூஜ்யம்) | 15 டாலர் | 38 | 5.26% | 30 டாலர் | 13 மணி நேரத்துக்கு மேல் | 400 டாலர் |
| பக்காரா | 25 டாலர் | 70 | சுமார் 1.2% | 21 டாலர் | 19 மணி நேரம் | 400 டாலர் |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பாருங்கள். எந்த ஆட்டமானாலும் அதே 400 டாலர்தான்; மாறுவது நேரம் மட்டும். 120 டாலர் சாப்பாட்டுக்காக 400 டாலரை எதிர்பார்த்து இழப்பது எந்த வீட்டுக் கணக்கிலும் சேராது. அதனால் காம்ப் என்பது எப்படியும் ஆடப்போகிறவர்களுக்குத் திரும்பி வருகிற ஒரு பகுதி. சாப்பாட்டுக்காகவே ஆட உட்காருகிறவர்களுக்கு அது விலை உயர்ந்த சாப்பாடு. இனி வரும் ஒப்பீடெல்லாம் "இந்தப் பணத்துக்கு இத்தனை மணி நேரம் ஆடுவோம்" என்று முன்பே முடிவுசெய்துவிட்ட ஜோடிகளுக்கு.

## வழி 1: புள்ளிகளைச் சேர்த்துச் சாப்பிடுவது

யாரிடமும் கேட்க வேண்டாம், கூச்சம் இல்லை, திரையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். அதனால்தான் பலருக்கும் இது பிடிக்கிறது. ஆனால் விகிதத்தைப் பாருங்கள். சீசர்ஸ் ரிவார்ட்ஸ் திட்டத்தில் ஸ்லாட் மெஷினில் 5 டாலர் பந்தயமாக ஓடினால் ஒரு புள்ளி. வீடியோ போக்கரில் 10 டாலருக்கு ஒரு புள்ளி. 100 புள்ளி சேர்ந்தால் 1 டாலர் சாப்பாடு.

120 டாலருக்கு 12,000 புள்ளி வேண்டும். அதாவது ஸ்லாட்டில் 60,000 டாலர் ஓட வேண்டும். கையிலிருந்து அவ்வளவு போடுகிறோம் என்று அர்த்தமில்லை, ஜெயித்த காசும் திரும்பத் திரும்ப ஓடும். ஆனாலும் ஸ்ட்ரிப்பில் (பெரிய கேசினோ ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் சாலை) இருக்கும் ஸ்லாட்டுகள் ஓடும் பணத்தில் ஏறக்குறைய 8 சதவீதத்தை வைத்துக்கொள்கின்றன. 60,000-க்கு 4,800 டாலர். நாற்பது மடங்கு விலை.

வீடியோ போக்கரில் ஃபுல் ஹவுஸ் என்ற சீட்டுச் சேர்க்கைக்குப் பந்தயத்தைப்போல் 9 மடங்கு, ஃப்ளஷ் என்ற சேர்க்கைக்கு 6 மடங்கு தரும் ஜாக்ஸ் ஆர் பெட்டர் வகை மெஷின் கிடைத்து, தப்பில்லாமலும் ஆடத் தெரிந்தால் கேசினோவின் சாதகம் அரை சதவீதத்துக்கும் கீழே. 1,20,000 டாலர் ஓட்டினால் 550 டாலர் அளவு நஷ்டம். அதே ஆட்டம் 8, 5 என்று இறங்கினால் நஷ்டம் 3,200 டாலரைத் தாண்டும். பார்வைக்கு இரண்டு மெஷினும் ஒன்றுபோலவே இருக்கும், அதனால் உட்காரும் முன் அந்தப் பரிசு அட்டவணையைப் படித்தே ஆக வேண்டும்.

புள்ளி தானாகச் சேரட்டும். கடைசி நாள் காலை காபிக்கும் தோசைக்கல் அளவு பேன்கேக்குக்கும் அதைக் கொடுத்துவிடுங்கள். இலக்காக வைத்துத் துரத்த வேண்டாம். பல மாதம் ஆடாமல் விட்டால் புள்ளி காலாவதியாகும் என்பதையும் கவனியுங்கள்.

## வழி 2: மேஜையிலேயே கேட்டு வாங்குவது

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். கேட்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறோம். அங்கே அது அன்றாட நடைமுறை.

சிப்ஸ் (மேஜையில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகள்) வாங்கும்போதே பிளேயர்ஸ் கார்டை மேஜையில் வைத்துவிட வேண்டும். பின்னால் நிற்கும் சூப்பர்வைசர் அதை எடுத்துப்போய் நேரத்தையும் உங்கள் முதல் சில பந்தயங்களையும் பதிவார். இரண்டு மணி நேரம் கழித்து, எழுந்திருப்பதற்கு ஒரு கால் மணி நேரம் முன்னால், "நானும் என் மனைவியும் சாப்பிடப் போகிறோம், இந்த ஆட்டத்துக்கு கஃபேயில் ஏதாவது முடியுமா?" என்று கேட்டால் போதும். கணினியில் பார்த்துவிட்டு "இன்னும் ஒரு மணி நேரம் ஆடுங்கள்" என்றால் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம்தான் ஆபத்து. மணிக்கு 35 டாலர் தியோ உள்ள மேஜை அது.

இந்த வழியில் ஜோடிகளுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. பதிவு நடப்பது மணிக்கு 70 ஆட்டம் என்ற ஊகத்தில். ஆனால் ஏழு பேரும் உட்கார்ந்த நெருக்கமான மேஜையில் உண்மையில் 50 நடந்தாலே அதிகம். கூட்டமான மேஜையில், நிதானமான டீலரிடம் உட்கார்ந்தால் காகிதத்தில் ஏறும் நஷ்டத்தைவிடக் கையிலிருந்து போவது குறைவு. பிளாக்ஜாக்குக்கு 2-க்கு 3 தரும் மேஜையாகத் தேடி, எந்தக் கைக்கு என்ன செய்வது என்று சொல்லும் அடிப்படை உத்தி அட்டையைப் பார்த்தே ஆடினால் கேசினோவின் உண்மைச் சாதகம் அரை சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். உங்களைச் சராசரி ஆட்டக்காரராகவே பதிந்திருந்தால் அந்த வித்தியாசம் உங்களுக்கு. அட்டையை மேஜையில் வைத்துப் பார்ப்பதை யாரும் தடுப்பதில்லை. பரிசுக் கடையிலேயே விற்கிறார்கள்.

இருவரும் தனித்தனியாக 15 டாலர் வைத்து ஆடினால், எந்தக் கணக்கிலும் ஒரு முழு இரவுச் சாப்பாட்டுக்கு எட்டாது. ஒருவர் ஆடி, மற்றவர் பின்னால் உட்கார்ந்து நேரத்தையும் பணத்தையும் பார்த்துக்கொள்வது எங்களுக்குச் சரிப்பட்டது. நான் ஆடுவேன், பர்ஸ் என் மனைவியிடம் இருக்கும். கிடைக்கும் சாப்பாட்டுச் சீட்டு பெரும்பாலும் "உறுப்பினரும் ஒரு விருந்தினரும்" என்றே இருக்கும், ஆனால் வாங்கும்போதே "இருவருக்குத்தானே?" என்று ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

25 டாலருக்குக் குறைவாக ஆடுகிறவர்களுக்கு ஸ்ட்ரிப்பின் பெரிய ஹோட்டல்களில் இந்த வழி அவ்வளவாக எடுபடாது. ஃப்ரீமாண்ட் தெரு பக்கம் டவுன்டவுனில் அதே ஆட்டத்துக்கு மரியாதை அதிகம். அங்கே 1975-இல் சாம் பாய்ட் திறந்த கலிஃபோர்னியா ஹோட்டல் ஹவாய்த் தீவு மக்களையே குறிவைத்து, அறையோடு சாப்பாட்டையும் சேர்த்துக் கொடுத்து, அவர்களுக்குப் பிடித்த மாட்டுவால் சூப்பையும் சமைத்துப்போட்டு வளர்ந்தது. சாப்பாட்டால் ஆளைக் கட்டிப்போடும் வித்தை அந்த ஊருக்குப் பழசு. ஸ்ட்ரிப்பின் முதல் ஹோட்டலான எல் ராஞ்சோ வேகாஸ் 1941-இல் திறந்தது. ஆட்டக்காரர்கள் நடுராத்திரியில் பசியோடு வெளியே போய்விடக்கூடாது என்று அங்கே ஆரம்பித்த மலிவு விருந்துதான் இன்றைய பஃபேக்களின் மூதாதை.

## வழி 3: மெயிலிலும் ஆப்பிலும் வரும் சலுகை

பெரும்பாலான ஜோடிகளுக்கு இதுதான் சரியான வழி என்பேன். ஏற்கெனவே ஆடி முடித்ததற்கு வருகிற பரிசு இது. புதிதாக எதையும் துரத்த வேண்டியதில்லை.

இந்தச் சலுகை ஒரு நாளைக்குச் சராசரியாக எவ்வளவு தியோ என்பதை வைத்து வருகிறது. அங்கேதான் ஜோடிகள் கோட்டைவிடுகிறார்கள். மூன்று நாள் தங்கி, முதல் நாள் இரவு களைப்போடு வந்து கார்டைச் செருகி 20 டாலர் மட்டும் ஆடிவிட்டுத் தூங்கப் போனால், அந்த நாளும் சராசரியில் சேர்ந்து மொத்தத்தையும் கீழே இழுத்துவிடும். நாங்கள் சனிக்கிழமை ஒருநாள் மட்டும், ஒரே கேசினோவில், ஒரே கார்டில் ஆடுகிறோம். மற்ற நாட்களில் கார்டு வெளியே வருவதில்லை. பணம் கூடவில்லை, ஆனால் வரும் கடிதங்கள் மாறின.

ஒரே கார்டா, இரண்டு கார்டா? இருவரும் நிறைய ஆடினால் இரண்டு கார்டு லாபம்: இரண்டு பேருக்கும் தனித்தனியே அறை, சாப்பாடு என்று வரும், வெள்ளிக்கிழமை ஒருவர் பெயரிலும் சனிக்கிழமை இன்னொருவர் பெயரிலும் தங்கலாம். எங்களைப்போல் கொஞ்சமாக ஆடினால் இரண்டாகப் பிரிப்பது இரண்டையும் கெடுக்கும். 60 டாலர் தியோ ஒரு கார்டில் ஏறினால் கடிதம் வரலாம். 30, 30 என்று பிரிந்தால் ஒன்றுமே வராமல் போகலாம்.

சரி, நண்பர்களின் கேள்விக்கு வருவோம்.

### இருவருக்கு பஃபே

2020-க்குப் பிறகு நிறைய பஃபேக்கள் மூடிவிட்டன. மிஞ்சியவற்றில் பல ஆடம்பரமானவை. சீசர்ஸ் பேலஸின் பக்கானல் போன்ற இடத்தில் இரவு உணவுக்கு ஆளுக்கு 80 டாலருக்கு மேல் ஆகிறது. அப்படிப்பட்ட இடத்துக்கு "இருவருக்கு" என்று வந்தால் 100 டாலர் கிரெடிட்டைவிட மதிப்பு அதிகம்போலத் தெரியும். நண்டுக்காலும் மாட்டிறைச்சியும் விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு அது உண்மைதான். சைவம் சாப்பிடுகிறவருக்கு அந்த மேஜையில் முக்கால்வாசி வேடிக்கை பார்க்கத்தான். சாலட், பாஸ்தா, பழம், இனிப்பு என்று சுற்றி வந்துவிடுவோம். மிச்சத்தைக் கட்டி எடுத்துவரவும் முடியாது. பஃபே சீட்டு எந்த நேரத்துக்கு, எந்த நாளுக்கு என்பதையும் படியுங்கள். வார நாள் காலைக்கு மட்டும் என்று இருந்தால் பாதி மதிப்பு போய்விடும்.

### 100 டாலர் கிரெடிட்

இதன் பலம், பிரித்துச் செலவழிக்கலாம் என்பது. இரண்டு காலைச் சிற்றுண்டியும் ஒரு மதியச் சாப்பாடும் என்று முடித்துக்கொள்ளலாம். வின் ஹோட்டலில் 2010-இலிருந்தே எல்லா உணவகங்களிலும் வீகன் மெனு உண்டு. அந்த மாதிரி இடத்தில் கிரெடிட் கிடைத்தால் சைவக்காரர்களுக்கு அதிர்ஷ்டம்.

பலவீனம் மூன்று. வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியின் விற்பனை வரி 8.375 சதவீதம் அந்த 100-க்குள்ளேயே கழிந்தால், நீங்கள் சாப்பிடுவது 92 டாலருக்குத்தான். டிப்ஸ் தனி. மூன்றாவது எங்களுக்கு நேர்ந்தது: ஒரு ஹோட்டலில் கிரெடிட் இருக்கிறதே என்று அதே கட்டடத்தில் இருந்த ஓர் இத்தாலிய உணவகத்தில் நிம்மதியாகச் சாப்பிட்டோம். பில் கொடுக்கும்போதுதான் அது வாடகைக்கு விடப்பட்ட வெளியாள் கடை, கிரெடிட் செல்லாது என்றார்கள். 140 டாலர் கையிலிருந்து போனது. ஸ்ட்ரிப்பில் பெயர்பெற்ற பல உணவகங்கள் இப்படித்தான். உட்காரும் முன் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

## வழி 4: அறைக் கணக்கில் எழுதி, கடைசியில் ஹோஸ்டிடம் கேட்பது

எல்லாச் சாப்பாட்டையும் அறைக் கணக்கில் சேர்க்கச் சொல்லிவிட்டு, கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை கேசினோ ஹோஸ்டை (ஆடுகிறவர்களைக் கவனித்துக்கொள்ளும் கேசினோ ஊழியர்) பார்த்து "எங்கள் ஆட்டத்துக்கு இதில் எதையாவது எடுக்க முடியுமா?" என்று கேட்பது இந்த வழி. மூன்று நாள் நன்றாக ஆடியவர்களுக்கு இது மேஜைச் சீட்டைவிடப் பலமானது. முன்கூட்டியே எந்த உணவகம் என்று கட்டுப்படவும் வேண்டாம்.

அபாயம் வெளிப்படை. எடுக்க மாட்டேன் என்றால் முழுக் கணக்கும் உங்கள் தலையில். ஆகவே சொந்தக் காசில் கட்ட முடிகிற அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

ஜோடிகளுக்கு இதில் ஒரு கண்ணி உண்டு. ஒருமுறை அறை என் மனைவி பெயரில். ஆட்டம் முழுக்க என் கார்டில். ஹோஸ்ட் அறை எண்ணைப் போட்டுப் பார்த்தால் ஆட்டமே இல்லாத ஒரு கணக்கு. இரண்டையும் இணைக்கச் சொல்லி வரவேற்பறைக்கும் கேசினோ மேஜைக்கும் முக்கால் மணி நேரம் நடந்தோம். கடைசியில் காலைச் சிற்றுண்டியை மட்டும் கழித்தார்கள். அறை யார் பெயரிலோ கார்டும் அவர் பெயரில் இருக்கட்டும்; இல்லாவிட்டால் வந்த அன்றே இரண்டையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

## வழி 5: காசு கொடுத்துச் சாப்பிடுவது

120 டாலர் சாப்பாடு, வரியோடு 130, டிப்ஸ் 24. மொத்தம் 154 டாலர். பிடித்த இடம், பிடித்த நேரம். ஸ்ட்ரிப்பை விட்டு நாலு மைல் வெளியே போனால் இதில் பாதிக்கு வயிறு நிறையும். ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு, வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் போகிறவர்களுக்கு, கூடப் பெற்றோரும் வருகிறவர்களுக்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

## டிப்ஸ்

எந்த வழியானாலும் இது நம் பொறுப்பு. பெரும்பாலான காம்ப் சீட்டுகளில் டிப்ஸ் சேராது. எங்கள் முதல் இலவச இரவுணவில் கறுப்பு உறையில் வந்த பில்லின் அடியில் 0.00 என்று இருந்தது. சந்தோஷத்தில் மூடி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். லிஃப்ட் வரை வந்த பிறகு என் மனைவி நின்று, "என்னங்க, அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே வைக்கலையா?" என்று கேட்டாள். திரும்பிப் போய்ப் பார்த்தேன். கழிப்பதற்கு முந்தைய தொகை அதே தாளில் இருந்தது, 94 டாலர். இருபது டாலர் நோட்டை உறைக்குள் வைத்துவிட்டு வந்தோம். கழித்த பிறகு வரும் தொகைக்கு அல்ல, முழுத் தொகைக்கு 18 முதல் 20 சதவீதம் என்பதுதான் அங்கே முறை. கையில் சில்லறை நோட்டுகள் இல்லாமல் இலவசச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள்.

## எந்த ஜோடிக்கு எது

25 டாலருக்கு மேல் மேஜையில் ஆடுகிறவர்களாக இருந்தால் வழி 2. ஒரே ஹோட்டலில் இரண்டு மூன்று நாள் அப்படி ஆடினால் வழி 4. ஸ்லாட் பிரியர்களுக்கும், எங்களைப்போல் வருடத்துக்கு மூன்று தடவை சின்ன அளவில் ஆடுகிறவர்களுக்கும் வழி 3, ஒரே கார்டில், ஒரே நாளில். புள்ளிகள் எல்லோருக்கும் உபரி. "இன்னும் கொஞ்சம் ஆடினால் சாப்பாடு கிடைக்கும்" என்ற பேச்சு இருவரில் யார் வாயிலிருந்து வந்தாலும், மற்றவர் உடனே வழி 5-க்குக் கையைப் பிடித்து அழைத்துப் போய்விட வேண்டும். எங்களுக்குள் இது எழுதப்படாத ஒப்பந்தம்.

முதல் ஜோடியில் கணவர் அசைவம், மனைவி முட்டைகூடத் தொடாதவர். கிரெடிட்டை எடுக்கச் சொன்னேன். முன்பதிவுக்கு முன்பே ஹோட்டலைக் கூப்பிட்டு, கிரெடிட் செல்லும் உணவகங்களின் பட்டியலை வாங்கிக்கொண்டார்கள். ஒன்பது இடங்களில் நாலுதான் செல்லும் என்றார்களாம். இரண்டாவது ஜோடி 15 டாலர் ரூலெட் ஆடுகிறவர்கள். ஆளுக்கொரு கார்டு வைத்திருந்தார்கள். அதை ஒன்றாக்கி, அடுத்த தடவை சனிக்கிழமை மட்டும் ஆடிப் பார்க்கிறோம் என்றிருக்கிறார்கள்.